குருத்தை இழுத்துப் பார்க்கிறவர்

ஜெர்மனியை அடுத்த நாட்டில், வீண்டம் என்ற ஊரில் குளிர்காலம் தொடங்குமுன் வீடு வீடாகப் போய், வீட்டைச் சூடாக்கும் கொதிகலனைச் சரிபார்த்துக் கொடுப்பவர் ஏல்கோ. முப்பது வருஷத்துக்கு மேல் அதே பிழைப்பு. எரிவாயு எங்கே கசிகிறது என்று கருவி காட்டுவதற்குள் அவர் மூக்கு காட்டிவிடும். "ஏல்கோ வந்து மோந்து பாத்துட்டாருன்னா நிம்மதியா தூங்கலாம்" என்று கிழவிகள் சொல்வார்கள். சந்தேகப்படுவதற்கே சம்பளம் வாங்கிய மனிதர். அந்தச் சந்தேகத்தைச் சாயங்காலம் வேலைப் பையோடு கொட்டகையில் மாட்டிவிட்டு வீட்டுக்குள் வந்திருந்தால் ஒரு குறையும் இருந்திருக்காது. வருவாரா? அதையும் தூக்கிக்கொண்டுதான் சாப்பாட்டு மேசைக்கு வருவார்.

ஒரே பையன், யெல்மர். இருபத்தொன்பது வயசு. குடியால் வேலை போயிற்று, கூட இருந்த பெண் போனாள், கார் ஓட்டும் உரிமத்தையும் பிடுங்கிக்கொண்டார்கள். ஒரு ஜனவரியில் கொட்டகைத் தரையில் வாந்திக்குள் முகம் புதைந்து, உதடு நீலம் பாரித்துக் கிடந்தவனை ஏல்கோதான் புரட்டிப் போட்டார். இன்னும் கொஞ்சம் தாமதித்துப் போயிருந்தால் பையன் இல்லை. அன்றைக்கு அவர் வயிற்றில் விழுந்த பயம் அதற்கப்புறம் வெளியே போகவே இல்லை. ஆகவே அவரைத் திட்டுகிறவர்கள் கொஞ்சம் நிதானித்துத் திட்ட வேண்டும்.

மறுவாழ்வு விடுதியில் இருந்துவிட்டு யெல்மர் அடுத்த வருஷம் பிப்ரவரியில் வீட்டுக்கு வந்தான். கண்ணில் வெளிச்சம் வந்திருந்தது, கை நடுக்கம் நின்றிருந்தது. வாரத்தில் ஒரு நாளாவது குடியைப் பற்றிப் பேசாமல் சேர்ந்து ஏதாவது ஒரு காரியம் செய்யுங்கள் என்று விடுதியில் சொல்லி அனுப்பியிருந்தார்கள். அம்மா ஃபென்னாவுக்குச் சனிக்கிழமை ரொட்டிக்கடையில் வேலை. மிச்சம் அப்பாவும் பிள்ளையும்தான்.

"ஒரு பனை வாங்குவோமாப்பா?" என்று கேட்டது யெல்மர்.

முன் தோட்டத்தில் ஜன்னலுக்கு நேராக ஒரு மொட்டை இடம் கிடந்தது. அந்தத் தெருவில் பாதி வீட்டில் பனை உண்டு. நம் ஊர்ப் பனை இல்லை, தோட்டத்தில் அழகுக்கு வைக்கிறது; விசிறி இலை, தண்டு முழுக்கப் பன்னாடை, பனியில் நின்றாலும் சாகாத சாதி. கடுங்குளிர் வந்தால் மட்டும் வெள்ளைத் துணி சுற்றி, உள்ளே சின்ன பல்புச் சரம் போட்டுச் சூடு காட்டுவார்கள். குளிர் முடிந்து துணியை அவிழ்த்ததும் எல்லாரும் செய்கிற முதல் காரியம், நடுக்குருத்தை இரண்டு விரலால் பிடித்து மெல்ல மேலே இழுத்துப் பார்ப்பது. நின்றால் உயிர் இருக்கிறது. கையோடு வந்து, அடியில் பழுப்பாக நாறினால் முடிந்தது கதை. ஏல்கோ வீட்டுப் பழைய பனை, யெல்மர் கொட்டகையில் கிடந்த அந்தக் குளிர்காலத்தில் செத்தது. தினமும் காலையில் துணியை விலக்கி, கை விட்டு, இழுத்து இழுத்துப் பார்த்தார் மனிதர்.

"அது பனியில சாகல. உங்க கையால செத்துது" என்று ஃபென்னா பச்சையாகவே சொல்லியிருக்கிறாள்.

மே மாத நடுவில், கடைசிப் பனி விழும் என்று நம்புகிற பனிப் புனிதர்களின் நாட்கள் கழிந்தால்தான் அந்தப் பக்கம் யாரும் மண்ணில் எதையும் வைப்பார்கள். அது கழிந்த முதல் சனிக்கிழமை இருவரும் கிளம்பினார்கள். ஏல்கோதான் காரை ஓட்டினார்.

முதல் நாற்றுப் பண்ணை பெரியது. கண்ணாடிக் கூரைக்கடியில் வரிசையாகப் பனைகள், ஒவ்வொன்றின் கழுத்திலும் சீட்டு. பூஜ்யத்துக்குக் கீழே பதினேழு டிகிரி வரை தாங்கும் என்று போட்டிருந்தது.

"சீட்டுல என்ன வேணா எழுதலாம். காகிதமா குளிரத் தாங்கப் போவுது?" என்றார் ஏல்கோ. ஒவ்வொரு பனையாகக் குனிந்து இலையின் அடியைப் பார்த்தார், மட்டையை நகத்தால் கீறினார், யாரும் பார்க்காத நேரத்தில் குருத்தை ஒரு இழுப்பு இழுத்தார். கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்த்ததில் எல்லாவற்றிலும் ஒரு நொட்டை இருந்தது.

"இது நல்லாத்தானப்பா இருக்கு?"

"உள்ளயே வச்சு ஊட்டி வளத்தது. இங்க இருக்கிற வரைக்கும் பளபளன்னு இருக்கும். வெளியில ஒரு ராத்திரி விட்டுப் பாரு, வண்டவாளம் தெரிஞ்சிரும்."

யெல்மர் தள்ளுவண்டியைக் கொண்டுபோய் இருந்த இடத்தில் விட்டான்.

அடுத்த சனிக்கிழமை இன்னொரு பண்ணை. அங்கிருந்த விற்பனைக்காரர், வெளியில் நின்ற பனை ஒன்றைக் காட்டி, இது மூன்று குளிர்காலம் இங்கேயே நின்றது என்றார். "எல்லாரும் அப்படித்தான் சொல்லுவாங்க" என்று ஏல்கோ அவர் முகத்துக்கு நேராகவே சொன்னார். திரும்பும்போது காரில் யெல்மர் கேட்டான்.

"ஒரு செடிய நம்பறதுக்கு உங்களுக்கு என்னதாம்ப்பா வேணும்?"

"நம்பறது என்னடா நம்பறது. ஏமாறக் கூடாது. அவ்வளவுதான்."

"நீங்க பனையத்தான சொல்றீங்க?"

"வேற யாரச் சொல்றேன்?"

அந்த இடத்தில் வாயை மூடியிருக்கலாம். மனிதர் மூடவில்லை. "மேலுக்குப் பச்சையாத்தான் இருக்கும். உள்ள என்ன நடக்குதுன்னு இழுத்துப் பாத்தாத்தான் தெரியும்" என்று ஸ்டியரிங்கைப் பார்த்துக்கொண்டே சொன்னார். பனையைத்தான் சொன்னார் என்று அவர் சத்தியம் பண்ணுவார். பண்ணட்டும். யெல்மர் கார்க் கண்ணாடிப் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டான்.

வெறுங்கையோடு வந்தவர்களைப் பார்த்து ஃபென்னா, "வாங்கப் போறீங்களா, ஆடிட்டுக்குப் போறீங்களா?" என்றாள். யெல்மர் சிரித்துவிட்டு மாடிக்குப் போனான். அவன் கதவு சாத்துகிற சத்தம் கேட்டதும் அவள் சிரிப்பு நின்றுவிட்டது.

"நேத்து அவன் தலையணை உறையை மோந்து பாத்தீங்க. பாத்தேன்."

"துவைக்கணுமான்னு பாத்தேன்."

"கல்யாணம் ஆன நாள்லேர்ந்து ஒரு உறை துவைக்காத மனுஷன்."

ஏல்கோ உருளைக்கிழங்கை மசித்துக்கொண்டே இருந்தார். அவளுக்கு எல்லாம் தெரியாது. வாய் கொப்பளிக்கிற மருந்தில் மதுச் சத்து உண்டு என்று, அது குறைகிறதா பார்க்க அவர் பாட்டிலில் பேனாவால் கோடு போட்டு வைத்திருந்தது தெரியாது. அவன் வேலைக்குச் சேர்ந்த சைக்கிள் கடை வழியாக, வழி இல்லாத வழியில் சுற்றிக்கொண்டு போய் எட்டிப் பார்ப்பது தெரியாது. அவன் குளியலறையிலிருந்து வந்தால் பின்னாலேயே இவர் போவது மட்டும் தெரியும்.

"அவன் நல்லா இருக்கான். விடுங்களேன். அவனுக்குத் தெரியாதுன்னு நெனச்சுக்கிட்டு இருக்கீங்களா?"

"நல்லா இருக்கான்னு நெனச்சுத்தான் அவன் கொட்டகையில கெடந்த அன்னிக்கும் நாம டிவி பாத்துக்கிட்டு இருந்தோம்" என்றார். 

மூன்றாவது பண்ணை ஜெர்மனி எல்லைக்குப் பக்கத்தில். ஹில்லி என்ற அம்மாள் நடத்துவது. முழங்கால் வரை ரப்பர் பூட்ஸ், வாய் நிறைய அதிமதுர மிட்டாய். கண்ணாடிக் கூரை எதுவும் கிடையாது. காற்று அறைகிற வெட்ட வெளியில் பனைகள் நின்றன. இலை நுனியெல்லாம் கிழிந்து, அழகு என்று சொல்லும்படி ஒன்றும் இல்லை. ஓரத்தில் தண்டு கோணலாக, யெல்மரின் இடுப்புயரத்துக்கு ஒன்று நின்றது. அவன் அதன் முன்னால் நின்றுவிட்டான்.

"இது போதும்ப்பா. எனக்கு இதப் பிடிச்சிருக்கு."

"ரெண்டு குளிர்காலம் ஒரு துணிகூட போத்தல நான்" என்றாள் ஹில்லி. "அது பாட்டுக்குக் கெடந்துச்சு, பொழச்சுக்கிச்சு." ஏல்கோவின் கை போகிற இடத்தை அவள் கவனித்துவிட்டாள். "அண்ணே, குருத்துல கை வைக்காதீங்க. இப்பத்தான் புதுசா ஏறிக்கிட்டு இருக்கு. இளசு."

"இல்லம்மா, சும்மா பாக்கறேன்."

வேறு யாரோ கூப்பிட்டு ஹில்லி நகர்ந்தாள். ஏல்கோ குனிந்து பன்னாடையை விலக்கினார், அழுகல் வாடை இருக்கிறதா என்று மூக்கை வைத்துப் பார்த்தார். ஒன்றும் இல்லை. அதுவே அவருக்குச் சந்தேகமாகப் போயிற்று. குருத்தைப் பிடித்துக்கொண்டு, "அடியில கொஞ்சம் மஞ்சள் இருக்கு பாத்தியா?" என்றார். பதில் இல்லை. "டேய்" என்றார். நிமிர்ந்து பார்த்தால் பின்னால் யாரும் இல்லை. வரிசைகளுக்கு நடுவிலும் இல்லை, கார் பக்கமும் இல்லை.  வெடுக்கென்று திரும்பினார். குருத்து கையோடு வந்துவிட்டது. வந்ததைக்கூடப் பார்க்காமல் கீழே போட்டுவிட்டு ஓடினார்.

பண்ணையின் கோடியில் ஒரு தகரக் கொட்டகை. வாடிக்கையாளர்களுக்குச் சனிக்கிழமைதோறும் அங்கே காபி உண்டு. அன்றைக்கு யாருக்கோ பிறந்தநாள் போல. ஆப்பிள் கேக், சின்னக் கண்ணாடிக் குவளைகள், நடுவில் முட்டை கலந்து செய்கிற மதுப் பாட்டில். ஏல்கோவின் கண்ணில் முதலில் பட்டது பாட்டில். அப்புறம்தான் பையன். நாலைந்து பேருக்கு நடுவில், கையில் காகிதக் கோப்பையோடு நின்று, ஒரு கிழவி சொன்ன எதற்கோ வாய் விட்டுச் சிரித்துக்கொண்டிருந்தான். அவன் அப்படிச் சிரித்து எத்தனையோ வருஷம் ஆகியிருந்தது.

ஏல்கோ நேரே போய்க் கோப்பையை அவன் கையிலிருந்து பிடுங்கி மூக்குக்குக் கீழே வைத்தார்.

"காபிதான்" என்றார்.

சத்தமாகச் சொன்னார். சந்தோஷத்தோடு சொன்னார். போன உயிர் திரும்பி வந்த மனிதருக்குச் சுற்றி நிற்கிறவர்கள் தெரியவில்லை. அவர்களுக்கோ ஒரு நொடியில் எல்லாம் விளங்கிவிட்டது. கேக் தட்டை நீட்டிக்கொண்டிருந்த கை அப்படியே நின்றது. கிழவி தன் குவளையை மெல்ல மேசையில் வைத்துவிட்டு, "நான்தான் வண்டி ஓட்டணும், வேண்டாம்னு சொல்லிச்சே அந்தத் தம்பி" என்று யாரிடமோ சொல்வது போலச் சொன்னாள். உரிமம் இல்லாதவன் சொன்ன அந்தச் சின்னப் பொய்தான் அன்றைக்கு அவனுக்கு இருந்த ஒரே மரியாதை. அதையும் அப்பா வந்து உரித்துப் போட்டுவிட்டார்.  யெல்மர் கோப்பையைத் திரும்ப வாங்காமல் வெளியே போனான்.

வாசலில் ஹில்லி, குருத்தைக் கையில் வைத்துக்கொண்டு நின்றாள். கத்தவில்லை. "அழுகல் இல்லண்ணே. பாருங்க, அடி வெள்ளையா இருக்கு. மோந்து பாக்கறதுன்னா இதையும் பாத்துக்குங்க, வெள்ளரிப் பிஞ்சு வாசம்" என்றாள். ஏல்கோ பனைக்கு விலை கொடுத்தார்.

 வீட்டுக்கு வந்ததும் யெல்மர் குழி தோண்டினான். அப்பாவும் பிள்ளையுமாகப் பனையை இறக்கி, மண் தள்ளி, மிதித்து, தண்ணீர் ஊற்றினார்கள். கையைக் கழுவிக்கொண்டு மாடிக்குப் போனவன், இறங்கி வரும்போது பையோடு வந்தான். விடுதியில் கூட இருந்த நண்பன் ஒருவன் சுட்ஃபென் நகரத்தில் சைக்கிள் கடையில் இருக்கிறான், அங்கேயே வேலைக்குப் போகிறேன் என்றான். ஃபென்னா அப்போதுதான் வேலையிலிருந்து வந்து கோட்டைக்கூடக் கழற்றாமல் நின்றாள்.

"வந்ததுலேர்ந்து நான் தொடல. ஒரு சொட்டு தொடல. ஒரு நாளாவது நீங்க நம்பினீங்களா?"

"நம்பறேன்டா."

"அப்ப ஏன் மோந்து பாத்தீங்க?"

பயம் என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். பயமாக இருந்ததுடா, உன்னைக் காணவில்லை என்றதும் எனக்கு அந்தக் கொட்டகைதான் கண்ணுக்குள் வந்தது என்று சொல்லியிருந்தால் பையன் பையைக் கீழே வைத்திருப்பானோ என்னவோ. ஏல்கோ மென்று விழுங்கிவிட்டு, "மேசைமேல பாட்டில் இருந்துச்சுல்ல" என்றார். யெல்மர் அம்மாவைக் கட்டிக்கொண்டுவிட்டுப் பேருந்துக்குப் போனான்.

அதற்கப்புறமாவது அடங்கினாரா? காலையில் ஒரு தடவை, மத்தியானம் ஒரு தடவை, படுக்கப் போகுமுன் ஒரு தடவை என்று போன் அடித்தார். அவன் முதலில் எடுத்தான், ஒரு வார்த்தை பேசி வைத்தான், பிறகு எடுப்பதை நிறுத்தினான். எடுக்காத ஒவ்வொரு தடவையும் இவர் மனசுக்குள் பையன் எங்கேயோ ஒரு தரையில் கிடந்தான். பனை கேட்பாரற்று நின்று ஆகஸ்டில் கோணலாக ஒரு இலை விட்டது. ஃபென்னாதான் தண்ணீர் ஊற்றினாள். அவர் அந்தப் பக்கமே போகவில்லை.

செப்டம்பரில் அவர் செய்ததுதான் உச்சம். சுட்ஃபென் சைக்கிள் கடை முதலாளிக்கே போன் போட்டு, பையன் நேரத்துக்கு வருகிறானா, காலையில் கண் சிவந்திருக்கிறதா, பக்கத்தில் வந்தால் வாடை வருகிறதா என்று விசாரித்தார். பையனுக்கு அப்படி ஒரு கதை இருப்பதே அந்த முதலாளிக்கு அதுவரை தெரியாது.

அன்று சாயங்காலம் யெல்மரே கூப்பிட்டான். அவன் பெயரைத் திரையில் பார்த்ததும் ஏல்கோ முதல் மணியிலேயே எடுத்தார்.

"கோவமாப் பேசலப்பா. வேலை போகல. கடைக்காரர் நல்லவரு. நான் ஒண்ணு சொல்றேன், குறுக்க பேசாம கேளுங்க."

"சொல்லுடா."

"இப்பல்லாம் நான் அத மறந்துடறேன். ஒரு மணி நேரம், ரெண்டு மணி நேரம். சக்கரத்தக் கழட்டிக்கிட்டு இருப்பேன், அப்படி ஒண்ணு இருக்கறதே ஞாபகம் இருக்காது. உங்க பேரு போன்ல வந்ததும் ஞாபகம் வந்துடுது. நீங்க கூப்பிடறப்ப எல்லாம் எனக்குக் குடிக்கணும் போல இருக்குப்பா."



"நான் கூப்பிடலன்னா நீ நல்லா இருப்பியா?"

"இருக்கலாம்."

"நீ நல்லா இருக்கேன்னு எனக்கு எப்படிடா தெரியும்?"

"தெரியாதுப்பா" என்றான் யெல்மர். குரலில் கோபம் இல்லை. அதுதான் தாங்க முடியவில்லை. "ஞாயித்துக்கிழமை அம்மாகிட்ட பேசறேன். அம்மா எதுவும் கேக்கறதில்ல. நான் சொல்றத உங்ககிட்ட சொல்ல வேணாம்னு அவங்ககிட்ட வாக்கு வாங்கியிருக்கேன். அதையும் குடைஞ்சீங்கன்னா அவங்களோடயும் பேச முடியாம போயிடும்."

"சரிடா" என்றார் ஏல்கோ. "சரி. கூப்பிடல."

வாழ்நாளில் அவர் சரிபார்க்காமல் விட்ட முதல் காரியம் அது. விட்டுவிட்டு நிம்மதியாக இருந்தார் என்று சொல்ல ஆசைதான். மனிதர் இளைத்துப்போனார். வாடிக்கை வீடுகளில் கொதிகலன் முன்னால் மண்டியிட்டவர் எதற்காக மண்டியிட்டோம் என்று மறந்து உட்கார்ந்திருப்பார். "ஏல்கோ, எல்லாம் சரியா இருக்கா?" என்று வீட்டுக்காரர்கள் கேட்டால், "தெரியல" என்று சொல்லிவிட்டு, பிறகு சுதாரித்துக்கொண்டு கருவியை எடுப்பார்.

ஞாயிற்றுக்கிழமை காபி நேரத்தில் போன் மணி அடித்ததும் எழுந்து கோட்டை மாட்டிக்கொண்டு கால்வாய்க் கரைக்குப் போய்விடுவார். ஃபென்னா பேசி முடித்திருப்பாள் என்று தோன்றும்போது திரும்புவார். முதல் வாரம் எதுவும் கேட்காமல் அவள் முகத்தைப் பார்த்தார். உதட்டோரத்தில் கொஞ்சம் சிரிப்பு ஒட்டிக்கொண்டிருந்தது. அன்று ராத்திரி அடித்துப்போட்டது போலத் தூங்கினார். அடுத்த வாரம் அவள் புருவம் நெரிந்திருந்தது. வெறும் தலைவலியாகவும் இருக்கலாம். அந்த வாரம் முழுக்க அவர் சரியாகச் சாப்பிடவில்லை. அவர் எதைப் பார்த்துச் சாப்பிடுகிறார், எதைப் பார்த்துச் சாப்பிடாமல் கிடக்கிறார் என்பது ஃபென்னாவுக்குப் பிடிபட்டுவிட்டது. பையனுக்குக் கொடுத்த வாக்கு, வாய்க்கு மட்டுமா, முகத்துக்கும் சேர்த்தா என்று அவளும் யோசித்திருக்க வேண்டும்.

நவம்பரில் ஒரு ஞாயிற்றுக்கிழமை. மழையில் நனைந்துகொண்டு கால்வாய்ப் பாலம் வரை போய்விட்டுத் திரும்பினார். ஃபென்னா சமையலறைத் தொட்டிக்கு முன்னால் கதவுக்கு முதுகு காட்டி நின்று பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தாள். காபி குடித்த இரண்டு கோப்பைகள்தான். கழுவிக்கொண்டே இருந்தாள்.

"ஃபென்னா" என்றார்.

"கேக்காதீங்க."

"கேக்கல. கொஞ்சம் இந்தப் பக்கம் திரும்பு, போதும்."

அவள் திரும்பவில்லை. குழாயை இன்னும் கொஞ்சம் திறந்துவிட்டாள். அழுகிறாளா சிரிக்கிறாளா என்று முதுகைப் பார்த்து அவரால் கண்டுபிடிக்க முடியவில்லை. ஈரக் கோட்டைக் கழற்றாமல் அங்கேயே நின்றார்.